ஆறரை மணி வகுப்பு

எனக்குத் தெரிந்த ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தார். முப்பத்தோரு வயதில் பகுதிநேர எம்.பி.ஏ. சேர்ந்தார். காலை எட்டு மணிக்கு வேலை. நாலரைக்கு ஷிப்ட் முடிந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஆறரை மணி வகுப்புக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்பதுக்கு வகுப்பு விடும். வீடு திரும்பும்போது மணி பத்து. சாப்பாடு மூடி வைத்திருக்கும், குழந்தை தூங்கியிருக்கும்.

ஒரு நாள் சரக்குக் கையிருப்பு பற்றி வகுப்பு. பொருள்களை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரி. பணம் எங்கே முடங்கியிருக்கிறதோ அங்கே கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார். மற்றதை அவ்வப்போது எண்ணினால் போதும் என்பது பாடம். மறுநாள் ஸ்டோர்ஸில் இருந்த நானூற்றுச் சொச்சம் ஐட்டங்களையும் எக்ஸெல்லில் ஏற்றி, எண்ணிக்கையை விலையால் பெருக்கிப் பார்த்தார். அறுபது ஐட்டத்தில் முக்கால்வாசிப் பணம் கிடந்தது. “வாஷரையும் நட்டையும் எண்ணியே ஆறு வருஷத்தை ஓட்டியிருக்கேன் சார்” என்று அன்று இரவு போன் செய்து சிரித்தார்.

படிப்பு முடிந்தது. அவர் மனத்தில் வைத்திருந்த மெட்டீரியல்ஸ் மேனேஜர் நாற்காலி முதலாளியின் சொந்தக்காரப் பையனுக்குப் போனது. படித்ததால் பலன் உண்டா என்று பிறகு கேட்டபோது அவரிடம் இரண்டு பதில் இருந்தது. வேலையைப் பற்றிப் பேசும்போது உண்டு என்றார். சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது இல்லை என்றார். மாலை நேர வணிகப் படிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். விளம்பரம் போடுகிறவர்கள் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். இரண்டையும் தனித்தனியே எடை போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

பழைய வழக்கம்தான்

வேலை முடித்துவிட்டுப் படிக்கப் போவது நேற்று வந்த பழக்கமில்லை. 1823-ல் லண்டனில் ஜார்ஜ் பிர்க்பெக் என்ற மருத்துவரும் அவருடன் சேர்ந்தவர்களும் உழைக்கும் மக்களுக்காக ஒரு கல்விக் கழகம் தொடங்கினார்கள். இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கும் பிர்க்பெக் கல்லூரி அதன் தொடர்ச்சி. மாலை வகுப்பு இன்றும் அதன் அடையாளம்.

வணிகப் படிப்பு மாலைக்கு வந்த கதை இன்னும் சுவாரசியமானது. 1896-ல் நியூயார்க் மாநிலம் கணக்காயர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று கொடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. பகலில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தேர்வுக்குப் படிக்க ஓர் இடம் தேவைப்பட்டது. 1900-ல் நியூயார்க் பல்கலைக்கழகம் தொடங்கிய வணிகப் பள்ளி மாலையில்தான் வகுப்பு நடத்தியது. இதில் வரிசை முக்கியம். முதலில் வேலை இருந்தது, அடுத்து அந்த வேலைக்கு ஒரு தகுதி எழுதி வைக்கப்பட்டது, கடைசியில் வகுப்பு வந்தது. நம்மிடம் இன்று பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. வகுப்பு முதலில் வந்துவிடுகிறது. அது எந்த வேலைக்கு என்பதைப் படித்து முடித்தவர் தேடிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் மாலைப் படிப்பின் முதல் வீடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். லோயர், ஹையர், கூடவே ஷார்ட்ஹேண்ட் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வு எழுதி கிளார்க் வேலைக்குப் போன தலைமுறை ஒன்று உண்டு. அப்புறம் ஈவினிங் காலேஜ் வந்தது. அதையொட்டி அஞ்சல் வழி: மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலை 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் தபாலில் பாடம் அனுப்பத் தொடங்கின. ‘கரஸ்ல படிக்கிறேன்’ என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் வாக்கியமானது. 1979-ல் சென்னையில் தொடங்கிய லயோலா வணிக நிர்வாக நிறுவனம் முதலில் வேலையில் இருப்பவர்களுக்குப் பகுதிநேரமாகத்தான் பாடம் நடத்தியது. முழுநேரப் படிப்பு அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகே வந்தது.

இந்த வகுப்புகளில் வந்து உட்கார்ந்தவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு குடும்பச் சித்திரம் கிடைக்கும். மூத்த பையன் பி.காம். முடித்த கையோடு வேலைக்குப் போகிறான். தங்கை கல்யாணம், தம்பி படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அவன் சம்பளத்தில். மேற்படிப்பு ஆசை அவனுக்கும் இருந்தது; அதற்கு அவன் முறை அப்போது வரவில்லை. முப்பது வயதில் வரும் ஆறரை மணி வகுப்பு அவனுக்குத் தள்ளிப்போடப்பட்ட பாக்கி. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘காகிதத்துக்கு அலைகிறார்கள்’ என்று சொல்லிவிடுவது அநியாயம்.

பலம்

முதல் பலம் வெளிப்படையானது: சம்பளம் நிற்பதில்லை. மாதம் 40,000 ரூபாய் வாங்குகிறவர் வேலையை விட்டு இரண்டு வருடம் முழுநேரம் படித்தால் கையில் வராமல் போகும் சம்பளமே 9,60,000. கட்டணமும் விடுதிச் செலவும் அதற்கு மேல். மாலையில் படித்தால் கட்டணம் மட்டும்தான் செலவு. வீட்டில் நாலு பேர் ஒருவர் சம்பளத்தை நம்பியிருக்கும்போது இந்த வேறுபாடு வெறும் லாபக் கணக்கில்லை. படிக்க முடியுமா முடியாதா என்பதையே அதுதான் முடிவு செய்கிறது.

இரண்டாவது பலம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 2004-ல் எம்.பி.ஏ. படிப்பைக் கடுமையாக விமர்சித்து ஒரு புத்தகம் எழுதினார். நிர்வாகம் என்பது பாதி கைப்பழக்கம். நிர்வாகம் செய்தே பார்க்காத இளைஞர்களை வகுப்பில் உட்காரவைத்து அதைச் சொல்லிக்கொடுத்துவிட முடியாது என்பது அவர் வாதம். வேலையில் இருப்பவர்களை, அவர்கள் வேலையோடு சேர்த்தே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். அவர் மனத்தில் இருந்தது நம்மூர் ஈவினிங் காலேஜ் அல்ல. ஆனால் அவர் வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், முழுநேர வகுப்பைவிட மாலை வகுப்புக்குத்தான் நியாயம் அதிகம்.

ஒரு பெஞ்சை நினைத்துப் பாருங்கள். தம்புச் செட்டித் தெருவில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவர் ஒருவர். பக்கத்தில் தனியார் ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் இருக்கும் பெண். அந்தப் பக்கம் ஒரு வங்கிக் கிளை அதிகாரி. பின்னால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய லைன் சூப்பர்வைசர். ‘நடைமுறை மூலதனம்’ என்று கரும்பலகையில் எழுதினால் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அது தேர்வில் வரும் சொல். இவர்களுக்கு அது துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட கன்டெய்னர், இன்சூரன்ஸ் கம்பெனி தராமல் இழுத்தடிக்கும் பாக்கி, வாரக் கடைசியில் சப்ளையர் வாசலில் வந்து நிற்பது. வங்கிக்காரர் வாய் திறந்து, எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் கணக்கு இப்படித் தெரியும் என்று சொன்னால், அந்த ஐந்து நிமிடம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

மூன்றாவது, மொழி. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தமிழ் வழியில் பள்ளி முடித்து, டிப்ளமாவோ டிகிரியோ வாங்கி, தொழிலில் கெட்டிக்காரராக இருப்பவர் மேலாளர்கள் கூடும் அறையில் வாய் திறக்க மாட்டார். விஷயம் தெரியாமல் அல்ல; அந்த அறையில் புழங்கும் சொற்கள் அவர் கைவசம் இல்லை. மார்ஜின், பிரேக்-ஈவன், கேஷ் ஃப்ளோ என்று மற்றவர்கள் பேசும்போது தலையாட்டிக்கொண்டு இருப்பார். மாலை வகுப்பில் வாராவாரம் எழுந்து நின்று பிரசன்டேஷன் கொடுத்துப் பழகியவருக்கு அந்தக் கூச்சம் உடைகிறது. பாலன்ஸ் ஷீட்டை மேலிருந்து கீழே படிக்கத் தெரிந்துவிட்டால் தன் கம்பெனி நன்றாக இருக்கிறதா, மூழ்கப்போகிறதா என்பதும் தெரிந்துவிடும். சில சமயம் அந்தப் படிப்பின் முதல் பலனே நேரத்தோடு வேறு வேலை தேடிக்கொள்வதாக இருக்கும்.

எழுதி வைத்த ஏணி, வாயால் சொன்ன ஏணி

இனி சம்பளத்துக்கு வருவோம். படித்தால் பதவி உயர்வு வரும் என்பது எவ்வளவு தூரம் உண்மை? இடத்தைப் பொறுத்தது.

வங்கியில் வேலை பார்ப்பவர்கள் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற தேர்வுகளை எழுதுகிறார்கள். நடத்துவது 1928-ல் தொடங்கிய வங்கியாளர் கழகம். இப்போதைய பெயர் இந்திய வங்கியியல் நிதியியல் நிறுவனம். பாஸ் செய்தால் சம்பளத்தில் கூடுதல் இன்க்ரிமென்ட் உண்டு என்பது ஊதிய ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல், யாரிடமும் பல் இளிக்காமல், ராத்திரி உட்கார்ந்து படித்தவருக்கு அது வந்து சேரும். இது எழுதி வைத்த ஏணி.

தனியார் கம்பெனியில் பெரும்பாலும் வாயால் சொன்ன ஏணிதான். “எம்.பி.ஏ. முடிச்சிட்டு வாங்க, பார்க்கலாம்” என்று அப்ரைசலில் ஹெச்.ஆர். சொல்வது வாக்குறுதி அல்ல. அந்த வருட உரையாடலை மரியாதையாக முடிக்கும் வழி. மூன்று வருடம் கழித்துப் பட்டத்தோடு போனால் அந்த ஹெச்.ஆர். அங்கே இருக்க மாட்டார். இருந்தாலும் நாற்காலி காலியாக இருக்க வேண்டும். பத்து சூப்பர்வைசருக்கு ஒரு மேனேஜர் என்றால், பத்துப் பேரும் எம்.பி.ஏ. படித்தாலும் மேனேஜர் ஒருவர்தான். படிப்பு வரிசையில் நிற்பவர்களின் இடத்தை மாற்றலாம். வரிசையின் முனையில் இருக்கும் ஜன்னல்களின் எண்ணிக்கையை மாற்றாது.

எழுதி வைத்த ஏணியும் நிரந்தரம் என்று சொல்ல முடியாது. உயர்கல்வி பெற்ற அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் ஓர் அரசாணையில் நிறுத்தியது. அதை நம்பி விடுமுறையிலும் மாலையிலும் படித்துக்கொண்டிருந்தவர்கள் பாதி வழியில் நின்றார்கள்.

பட்டத்தைத் துரத்தும் இந்த ஓட்டத்துக்கு ரொனால்ட் டோர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1976-ல் பட்டய நோய் என்று பெயர் வைத்தார். பிரிட்டன், ஜப்பான், இலங்கை, கென்யா ஆகிய நாடுகளை ஒப்பிட்டு அவர் சொன்னது இது: வேலைகள் குறைவாகவும் படித்தவர்கள் அதிகமாகவும் இருக்கும் நாட்டில், அதே வேலைக்குக் கேட்கும் தகுதி வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகும், வேலை மாறியிருக்காது. நம் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு சேர்ந்தவர் உட்கார்ந்த மேசையில் அடுத்து பி.காம். வந்தார், இப்போது எம்.பி.ஏ. இருக்கிறார். பார்க்கிற ஃபைல் அதேதான், கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறது.

செலவை யார் கட்டுகிறார்கள்?

கட்டணத்தைவிடப் பெரிய செலவு நேரம். அந்த ஸ்டோர்ஸ் நண்பரின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். வாரம் நான்கு நாள், நாளுக்கு இரண்டரை மணி வகுப்பு, போக வர இரண்டு மணி. வாரத்துக்கு 18 மணி நேரம். வருடத்தில் 40 வாரம், மூன்று வருடம் என்றால் 2,160 மணி. எட்டு மணி வேலை நாளாகப் பார்த்தால் 270 நாள். பரீட்சைக்குப் படித்த இரவுகளையும் அசைன்மென்ட் எழுதிய ஞாயிற்றுக்கிழமைகளையும் இதில் சேர்க்கவில்லை. ஏறக்குறைய ஒரு முழு வருட உழைப்பு அது.

அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? முதலில் தூக்கத்திலிருந்து, அடுத்து வீட்டிலிருந்து. அவர் வகுப்பில் இருக்கும்போது குழந்தைக்குச் சோறூட்டியது, ஹோம்வொர்க் பார்த்தது, மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போனது எல்லாம் அவர் மனைவி. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி ஒருவருக்குத்தான். ரசீதில் வராத கட்டணம் கட்டியவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுகிறார்.

இந்தச் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் மாலை வகுப்பின் பெரிய ஓட்டை தெரியும். 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் அது 289, 88. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது; இடைவெளி அப்படியே இருக்கிறது. ஆறரை மணி என்பது பல ஆண்களுக்கு வேலை முடிந்த நேரம். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது இரண்டாவது ஷிப்ட் தொடங்கும் நேரம். ஒன்பதரைக்கு மேல் பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்பது பற்றி வீட்டில் எழும் கேள்விகள் வேறு. எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவு என்று மாலை வகுப்பு தன்னைச் சொல்லிக்கொள்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, அது திறந்திருக்கும் மணி நேரம்தான் சிலருக்கானது.

முதலாளியின் கணக்கு

ஊழியர் படித்தால் கம்பெனிக்குத்தானே லாபம், அது ஏன் பணம் கட்டக் கூடாது? பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-ல் மனித மூலதனம் பற்றி எழுதிய நூலில் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். ஒரு கம்பெனியில் மட்டும் உதவும் பயிற்சிக்கு அந்தக் கம்பெனி செலவழிக்கும். எங்கே போனாலும் உதவும் பயிற்சிக்குச் செலவழிக்கத் தயங்கும், ஏனென்றால் படித்தவர் அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடுவார். எம்.பி.ஏ. எங்கும் செல்லும் நாணயம். அதனால்தான் கட்டணம் தரும் கம்பெனிகள் இரண்டு, மூன்று வருடம் விலக மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன.

சிறிய கம்பெனிகளில் நிலைமை இன்னும் மோசம். படிக்கிறான் என்றால் போகப்போகிறான் என்று அர்த்தம். அதனால் பலர் சேர்ந்ததையே சொல்வதில்லை. நாலரைக்குக் கிளம்ப ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார்கள். பரீட்சைக்கு லீவு எடுக்க ஊரில் ஒரு சாவு வேண்டியிருக்கிறது. இந்த மறைப்பு, படிப்பின் முக்கியமான பலத்தையே வெட்டிவிடுகிறது. வகுப்பில் கற்றதை மறுநாள் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியவர் அதை ஒளித்து வைக்க வேண்டியவராகிறார். என் நண்பர் ஸ்டோர்ஸில் செய்த மாற்றத்தை எங்கே கற்றார் என்று முதலாளியிடம் கடைசிவரை சொல்லவில்லை.

வகுப்புக்குள்ளே

குறைகள் எல்லாம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. பாதி வகுப்புகள் கைடு புத்தகத்தின் நிழலில் நடக்கின்றன. ஐந்து வருடக் கேள்வித்தாள், அதில் திரும்பத் திரும்ப வரும் பன்னிரண்டு கேள்வி, அதற்குப் பதில். பகல் முழுக்க வேறு கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு வரும் ஆசிரியரும் களைத்திருக்கிறார், பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வரும் மாணவரும் களைத்திருக்கிறார். இருவரும் பேசாமலே ஓர் உடன்படிக்கைக்கு வந்துவிடுகிறார்கள்: நீங்கள் சீக்கிரம் விடுங்கள், நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம்.

கேஸ் ஸ்டடி என்று அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கதை வருகிறது. வகுப்பில் இருக்கும் முப்பது பேரும் முப்பது கம்பெனிகளின் உள்விவகாரம் தெரிந்தவர்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கடைசி செமஸ்டரில் புராஜெக்ட். தன் வேலையிடத்தையே ஆராய்ந்து எழுத வேண்டிய பொன்னான வாய்ப்பு அது. ஜெராக்ஸ் கடையில் ‘புராஜெக்ட் செய்து தரப்படும்’ என்று போர்டு தொங்குகிறது. பைண்டிங்கோடு சேர்த்து விலை.

இங்கேதான் சமிக்ஞை என்ற கருத்து உதவும். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சிந்தனைக்காக 2001-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். படிப்பு ஒருவரின் திறமையைக் கூட்டாவிட்டாலும்கூட, அதை முடிப்பது திறமையற்றவருக்குக் கடினம் என்றால், முடித்தவர் திறமையானவர் என்று முதலாளி எடுத்துக்கொள்வார் என்பது அதன் சாரம். இந்த அளவுகோலில் பார்த்தால் மாலைப் பட்டம் முழுநேரப் பட்டத்தைவிட வலுவான சமிக்ஞையாக இருந்திருக்க வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு மேல், மூன்று வருடம், விடாமல் வந்து பாஸ் செய்தவரின் வைராக்கியத்தைப் பற்றி வேறு சான்று எதற்கு?

நடப்பது நேர்மாறு. ‘முழுநேர எம்.பி.ஏ. மட்டும்’ என்று பல வேலை விளம்பரங்கள் சொல்கின்றன. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் தெளிவுபடுத்திய பிறகும் ‘ரெகுலரா, கரஸா’ என்ற கேள்வி இன்டர்வியூவில் ஓயவில்லை. முதலாளிகளின் மேட்டிமை மட்டும் இதற்குக் காரணமல்ல. புராஜெக்ட் போர்டு தொங்கும் தெருவழியாக அவர்களும் போய்வருகிறார்கள். எளிதாக வாங்கிய சிலரின் பட்டம், கஷ்டப்பட்டு வாங்கியவரின் பட்டத்தையும் மலிவாக்குகிறது.

மலிவு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஒடிசாவின் பாசன நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள், வேலையில் இருந்தபடியே தொலைநிலையில் பொறியியல் பட்டம் வாங்கிப் பதவி உயர்வு கேட்டதில் தொடங்கிய வழக்கு. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறையான அனுமதியின்றி நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படிக் கொடுத்த பட்டங்களில், 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மறுபடி தேர்வெழுதித் தேற வேண்டும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் செல்லாது. அவற்றால் கிடைத்த பலன்களும் போகும். நான்கில் ஒன்று தமிழ்நாட்டில் இருப்பது. அது பொறியியல் பட்டம் பற்றிய தீர்ப்பு என்றாலும் படிப்பினை பொதுவானது: அனுமதியைச் சரிபார்க்காமல் ஏறிய ஏணி, ஏறி நின்ற பிறகும் சரியலாம். 2024-ல் ‘பத்து நாளில் எம்.பி.ஏ.’ என்ற விளம்பரங்களைக் குறித்து மானியக் குழுவே எச்சரிக்க வேண்டி வந்தது என்றால், வாங்க ஆள் இருக்கிறது என்றுதானே பொருள்?

திரைக்குப் போன வகுப்பு

இப்போது ஆறரை மணி வகுப்பு போனுக்குள் வந்துவிட்டது. பஸ் மாற வேண்டாம். தருமபுரியில் இருந்துகொண்டே சென்னைப் பேராசிரியரைக் கேட்கலாம். ஒன்பதரை மணி பஸ் ஸ்டாப் பயம் பெண்களுக்கு இல்லை. குழந்தை தூங்கிய பிறகு பதிவு செய்த பாடத்தைப் போட்டுக்கொள்ளலாம். மேலே சொன்ன ஓட்டையில் பாதியை இது அடைக்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் விலை கொடுத்துத்தான் அடைக்கிறது. பெஞ்ச் போய்விட்டது. கேமராவை மூடிவைத்த நாற்பது பெயர்களில் யார் கிளியரிங் ஏஜென்ட், யார் வங்கிக்காரர் என்று எப்படித் தெரியும்? பதிவு செய்த பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறவருக்கு நடுவில் கைதூக்க வழியில்லை. குழந்தை தூங்கிய பிறகு என்பதும் யோசிக்க வேண்டிய சொல்: வீட்டு வேலையைப் பங்கு போடாமலே பெண்ணைப் படிக்கவைக்கும் ஏற்பாடு அது. அவள் தூக்கத்தில்தான் கை வைக்கிறது.

பட்டம் வேண்டுமா, பாடம் வேண்டுமா

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது ஊர் ஊராகக் கணக்குப்பிள்ளைகள் தவித்தார்கள். மாலையில் டாலியும் ஜி.எஸ்.டி.யும் சொல்லிக்கொடுத்த சின்னச் சின்னப் பயிற்சி மையங்களுக்கு அன்று வேலை வந்தது. இரண்டு, மூன்று மாதப் படிப்பு, கற்றதை அந்த மாத ரிட்டர்னிலேயே போட்டுப் பார்க்கலாம். அதை முடித்தவருக்குக் கறுப்பு அங்கியும் இல்லை, பெயருக்குப் பின்னால் எழுத்தும் இல்லை. கடைக்கணக்கு அவர் இல்லாமல் ஓடாது என்ற நிலை வந்தது. பெரிய பட்டத்துக்கு மூன்று வருடம் கொடுக்கும் முன், தனக்குத் தேவைப்படுவது ஒரு பட்டமா, ஒரு பாடமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பலருக்குப் பாடம் போதும்.

பட்டம்தான் வேண்டும் என்றால் கணக்குப் போட வேண்டும். கட்டணம் மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதனால் மாதம் 5,000 ரூபாய் கூடினால், போட்டது திரும்ப 60 மாதம். முப்பத்தொன்றில் சேர்ந்து முப்பத்துநான்கில் முடித்தவர் முப்பத்தொன்பதில் சமநிலைக்கு வருவார்; அதற்கு மேல் இருபது வருடம் லாபம். நாற்பத்தைந்தில் சேர்ந்தால் சமநிலை ஐம்பத்துமூன்றில். உயர்வே வராவிட்டால் இந்தக் கணக்குக்கு வேலையில்லை. அதனால் கம்பெனியில் கடந்த ஐந்து வருடத்தில் மாலையில் படித்து மேலே போனவர் யார் என்று விசாரித்து, ஒரு பெயராவது கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுப்பது பட்டமா, பட்டயமா, அதற்கு அனுமதி இருக்கிறதா என்பதை விளம்பரத்தாளில் பார்க்காமல் மானியக் குழு, தொழில்நுட்பக் கல்விக் குழு ஆகியவற்றின் பட்டியலில் பார்க்க வேண்டும். வீட்டில் யார் எந்த வேலையை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதைச் சேர்வதற்கு முன்பே வாய் விட்டுப் பேசிவிட வேண்டும்.

மொத்தத்தில் என் மதிப்பீடு இது. பதவி உயர்வுக்கான கருவியாக மாலைப் படிப்பு நம்பகமற்றது. அந்தக் கதவின் சாவி கல்லூரியின் கையில் இல்லை, எழுதி வைத்த ஏணி உள்ள இடங்கள் விதிவிலக்கு. வேலையைப் புரிந்துகொள்ளும் வழியாக அதற்கு நிகர் குறைவு. ஆனால் ஒரு நிபந்தனை: அன்றைய பகல் அந்த வகுப்புக்குள் வர வேண்டும். மாணவரின் வேலையை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கச் சொல்லும் வகுப்பு, முழுநேரப் படிப்பின் களைத்துப்போன நகல்தான்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை அனுமதி கேட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பேராசிரியர் பேசுவதை விட்டுவிடுங்கள். அவர் நன்றாகத்தான் பேசுவார். ஒன்பது மணிக்குள் யாராவது எழுந்து, “சார், எங்க கம்பெனியில இது இப்படி நடக்கலையே” என்று சொல்கிறாரா, சொன்னால் பேராசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு அதைக் கேட்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். அப்படி நடந்தால் சேரலாம். நடக்காவிட்டால் அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்குப் போங்கள். குழந்தை தூங்குவதற்குள் போய்விடலாம்.